கழுத்தில் ஒரு நாடு, இடுப்பில் ஒரு நாடு

மூன்று பின்னேரங்களில் இருநூறு பிள்ளைச் சட்டைகளுக்கு நான் நாடு மாற்றினேன். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியால் கழுத்துக்குப் பின்னால் இருந்த பழைய பட்டியை அறுத்தெடுப்பேன். அதே இடத்தில் புதுப் பட்டியை வைத்து மெசினில் இரண்டு தரம் ஓட்டுவேன். ஒரு சட்டைக்கு இரண்டு நிமிசம்கூட எடுக்காது. பழைய பட்டியில் சைனா என்று இருந்தது. புதுப் பட்டியில் இந்தியா.

அப்போது கொக்குவிலில் பெரிய வீதியோடு இருந்த ஒரு புடைவைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். இணுவிலில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். கீழே கடை. மேலே ஒரு சின்ன அறையில் என் மெசின். வாங்குகிற சீலைக்கு ஓரம் அடிப்பது, காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இறுக்கமான சட்டையைத் தளர்த்திக் கொடுப்பது, இவைதான் என் வேலை. ஆறு வருசமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

முதலாளியைக் கடையில் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனுசர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெற்றோலுக்குச் சனம் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் என் அப்பா வீட்டு முற்றத்தில் மயங்கி விழுந்தார். ஓட்டோ ஒன்றும் இல்லை. அம்புலன்சுக்கு எடுத்தால் பதில் இல்லை. என் கணவர் சைக்கிளில் போய் அண்ணையிடம் சொன்னார். அவர் தன் வானில் மிச்சமிருந்த எண்ணெயோடு வந்து அப்பாவைத் தூக்கிக் கிடத்தி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டொக்டர் வெளியே வந்து பயமில்லை என்று சொல்லும்வரை விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் என் பக்கத்திலேயே இருந்தார். அப்பா இன்றைக்கும் எழும்பி நடமாடுகிறார். அதனால்தான் அந்தப் பட்டிகளை அவர் என் மேசையில் கொண்டுவந்து வைத்தபோது என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

பட்டி மாற்றிய அந்த வருசம் எங்கள் கடைக்கு எதிரே கண்ணாடி முகப்போடு ஒரு பெரிய கடை திறந்திருந்தார்கள். தீபாவளிக்கு மூன்று கிழமை இருந்தது. எங்கள் கடைக்கு அப்போது வந்திருந்த பிள்ளைச் சட்டைகள் நல்ல சட்டைகள். உள்துணி வைத்து, மடிப்புகள் எல்லாம் நேராக ஓடியிருந்தன. ஆனால் வருகிற தாய்மார் சட்டையைத் தூக்கிப் பிடித்து ஆசையோடு பார்ப்பார்கள், பிறகு கழுத்தைத் திருப்புவார்கள்.

"இது இந்தியாச் சாமான் இல்லையோ?"

இல்லை என்றதும் மடித்து வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். தீபாவளி உடுப்பு என்றால் இந்தியா என்பது எங்கள் சனத்தின் மனதில் ஊறிப்போன எண்ணம்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணை மேலே வந்தார். கையில் ரிபன் மாதிரி ஒரு உருளை. அதில் வரிசையாக இந்தியா, இந்தியா என்று நெய்திருந்தது.

"பிள்ளை, சட்டையளிலை இருக்கிறதைக் கழட்டிப்போட்டு இதைத் தைச்சுவிடும்."

மெசினை நிறுத்தினேன். "அண்ணை, உது பிழையெல்லே?"

"சட்டையிலை என்ன பிழை? நல்ல சட்டைதானே. கிழிஞ்சதையே விக்கிறம்? சனத்துக்கு உந்த ஒரு சொல்லுத்தான் வேணும். குடுத்துவிடுவம்."

சட்டைகளில் தொங்கிய கடுதாசி அட்டைகளை அவரே கீழே கடையில் வைத்து இழுத்து அறுத்தார். அந்த அட்டைகளில் இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், எந்த நாட்டில் செய்தது என்பது எல்லாம் மூன்று மொழியிலும் இருந்தன. அவற்றைச் சாக்கில் போட்டுக் கட்டியதையும் நான் பார்த்தேன்.

எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சட்டைகளைக் கொண்டுவந்த மொத்த வியாபாரிதான் அதை எனக்குச் சொல்லித் தந்திருந்தார். கொழும்பிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வானில் பொதிகளோடு வருகிற முஸ்லிம் மனுசர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். பொதியைப் பிரித்துச் சாமான் சரிபார்ப்பது எப்போதும் என் பொறுப்பு. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துக் கழுத்தையும் இடுப்புத் தையலையும் திருப்பிக் காட்டுவார்.

"நாடு பதியாத உடுப்ப நான் வண்டில ஏத்துறல்ல தங்கச்சி. எந்த நாட்டுச் சாமானும் விக்கலாம். ஆனா வாங்கிற ஆள் அதப் பாத்துத் தெரிஞ்சுகொள்ளோணும். அதுதான் சட்டம்."

முன்னொரு காலத்தில் நாடு குறிக்காத ஒரு பொதிக்காக அதிகாரிகள் அவரை அலைக்கழித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் இந்த விசயத்தில் ஒரு நூல் அளவுகூடப் பிசகுவதில்லை. அவர் கொண்டுவந்த சட்டைகளின் கழுத்தைத்தான் நான் அறுத்துக்கொண்டிருந்தேன்.

சட்டைகள் விற்கத் தொடங்கின. அண்ணையின் முகம் தெளிந்தது. நான் மேலேயே இருந்தேன். கீழே யாராவது சட்டையைத் தூக்கிக் கழுத்தைத் திருப்புகிற நேரம் அங்கே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒரு தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகளுக்கு ஏழெட்டு வயது. யாரோ ஒருவரின் காற்சட்டைக்கு அளவெடுக்க நான் கீழே வந்திருந்தேன். தாய் பையிலிருந்து ஒரு சிவப்புச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தார். இரண்டு நாளுக்கு முன் எங்கள் கடையில் வாங்கியது.

"இவள் இப்பத்தான் இங்கிலீசு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிறாள். கண்டது எல்லாத்தையும் வாசிப்பாள். சட்டையையும் வாசிச்சிட்டு, ஏனம்மா கழுத்தில ஒரு நாடு, இடுப்பில ஒரு நாடு எண்டு கேக்கிறாள். எனக்குப் பதில் தெரியேல்லை."

அவர் சட்டையின் உட்பக்கத்தைப் புரட்டினார். உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில், கழுவுகிற முறை எழுதிய வெள்ளைப் பட்டி ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதன் அடியில் சைனா. மற்றச் சட்டைகளில் அதையும் நான் வெட்டியிருந்தேன். இது என் கைக்குத் தப்பியிருந்தது.

அண்ணை சிரிக்கப் பார்த்தார். "பக்டரியிலை மாறித் தைச்சிருப்பினம் அக்கா. நீங்கள் யோசியாதையுங்கோ. வேறை ஒண்டு எடுங்கோ, மாத்தித் தாறன்."

"மாத்த வரேல்லை. எது உண்மை எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"இந்தியாதான். கழுத்திலை போட்டிருக்கெல்லே."

தாய் சட்டையை ஒழுங்காக மடித்துப் பையில் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். குரலை உயர்த்தவே இல்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் மிச்சமிருந்த சட்டைகள் எல்லாவற்றின் உள்ளேயும் விரலை விட்டுத் தேடினேன். இன்னும் நான்கில் அந்தப் பட்டி இருந்தது. வெட்டினேன். மிச்ச உருளையை எரித்துவிடச் சொல்லி அண்ணை சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போடலாம் என்று மெசினுக்குக் கீழே இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் வைத்தேன். போகிற அவசரத்தில் மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல் கீழே கடை திடீரென்று அமைதியாகியது. படிக்கட்டால் எட்டிப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ஆணும் பெண்ணும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். நுகர்வோர் அலுவலக ஆட்கள். அந்தச் சிவப்புச் சட்டை அவர்கள் கையில் இருந்தது.

லாச்சியைத் திறந்து உருளையை எடுத்தேன். எங்கே ஒளிப்பது? யன்னலுக்கு வெளியே வீதி. அறைக்குள் மூடியோடு ஒரு பெட்டிகூட இல்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் திணித்து, மெசினின் காலடியில் வைத்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பெண் அதிகாரிதான் முதலில் வந்தார். என் வயதுதான் இருக்கும். அவருக்குப் பின்னால் கோப்போடு மற்றவர். கடைசியாக அண்ணை. அந்தப் பெண் என் மேசையில் சிவப்புச் சட்டையைப் போட்டு யன்னல் வெளிச்சத்தில் கழுத்தை விரித்தார்.

"சட்டை முழுக்கச் சிவப்பு நூல். பட்டி மட்டும் வெள்ளை நூலிலை தைச்சுக் கிடக்கு. பாத்தீங்களோ?"

"ஓம்," என்றேன்.

"பட்டிக்குக் கீழை இன்னொரு தையல் இருந்த ஓட்டையளும் தெரியுது. இது ரெண்டாந்தரம் தைச்சது." அவர் என் மெசினைப் பார்த்தார். ஊசியில் நீல நூல் கோத்திருந்தது. நான் பள்ளிக்கூடக் காற்சட்டை ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தட்டில் இருபது நூல்கட்டைகள். அவற்றுக்குள் வெள்ளை இரண்டு. "இஞ்சை தைக்கிறது நீங்கள் மட்டும்தானோ?"

"ஓம்."

"இந்தப் பட்டியைத் தைச்சது ஆர்?"

அண்ணை கதவடியில் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காற்சட்டையை மடித்து ஒரு பக்கம் வைத்தேன்.

"தெரியாது. வரேக்கையே உப்பிடித்தான் வந்தது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வந்தபடிதான் மிஸ்."

அவர் லாச்சியைத் திறந்தார். பொத்தான்கள், சோக்கு, கத்தரிக்கோல். கீழ் லாச்சியைத் திறப்பதற்குச் சாப்பாட்டுப் பை தடையாக இருந்தது. குனிந்து தன் கையாலேயே அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். கீழ் லாச்சியில் வெட்டுத்துணிகளைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் நிமிர்ந்தார்.

மற்றவர் அண்ணையைக் கேட்டார், "அப்ப ஆர் உங்களுக்குச் சாமான் தந்தது?"

அண்ணை மொத்த வியாபாரியின் பெயரைச் சொன்னார். தயங்காமல், விலாசத்தோடு சொன்னார். நான் சொன்னதை எழுதிய கடுதாசியில் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்தேன். மிச்சச் சட்டைகளைப் பொதியாகக் கட்டிக்கொண்டு போனார்கள்.

"நல்லாச் சொன்னீர் பிள்ளை," என்று அண்ணை எனக்குச் சோடா எடுத்துத் தந்தார். என்னால் குடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் உருளையை அடுப்பில் போட்டேன். அது எரியாமல் உருகிச் சுருண்டு கறுப்பாக நாறியது. அப்பா உள்ளே இருந்து, என்ன மணக்குது என்று கேட்டார். பொலித்தீன் என்றேன்.

தீபாவளி போனது. ஒன்றும் நடக்கவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து மொத்த வியாபாரி வந்தார். வான் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். அண்ணை கடையில் இல்லை. வியாபாரி வருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் வெளியே போயிருந்தார். வியாபாரி மேலே ஏறி வந்து கதிரையில் இருந்து முகத்தைத் துடைத்தார்.

"தங்கச்சி, டவுனிலயும் சாவகச்சேரியிலயும் என்ட சாமான் எல்லாத்தையும் நிப்பாட்டி வெச்சிருக்காங்க. நான் பட்டி மாத்தி விக்கிறண்டு கத. இருவது வருசமா சாமான் எடுத்த கடக்காரங்க போன் எடுத்தாப் பேசுறாங்கல்ல."

நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நாளைக்கு என்னக் கச்சேரிக்கு, அந்த நுகர்வோர் அலுவலகத்துக்கு, வரச் சொல்லி ஈக்குது. பில்லுல நாடு எழுதிக் குடுத்த, ஆனா பில்லு வேற சாமான் வேறண்டு சொல்றாங்க. பொதி பிரிச்ச நீங்கதானே. பட்டி எப்பிடி இருந்திச்சிண்டு நீங்க கண்டீக்கிறீங்க. அத மட்டும் ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

என்னிடம் கெஞ்சுகிற மாதிரி அவர் கேட்கவில்லை. நான் அவருடைய சாட்சி என்றே நம்பி வந்திருந்தார். நான் கையெழுத்து வைத்தது அவருக்குத் தெரியாது. தைத்தது நான் என்பது கனவிலும் தோன்றியிருக்காது.

"அண்ணையோடை கதைச்சிட்டுச் சொல்லுறன்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். ஒவ்வொரு படியாகக் கையைச் சுவரில் ஊன்றி இறங்கினார்.

வீட்டில் என் கணவர் வெங்காயம் நடுவதற்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து வரம்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரைக்கும் அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"கையெழுத்து வைச்சது நீர். இப்ப மாத்திச் சொன்னால் பொய் சொன்னதெண்டு உம்மைத்தான் பிடிப்பினம்."

"தெரியும்."

"அண்ணை மாமாவுக்குச் செய்ததும் தெரியும்."

"அதுவும் தெரியும்."

அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறீர்?"

"கேக்கேல்லை. சொல்லுறன்."

"சரி. போறதெண்டால் முதல்ல அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டுப் போம். பின்னாலை போய்ச் சொன்னமாதிரி இருக்கக்கூடாது."

அடுத்த நாள் விடியக் கடை திறக்க முதலே போனேன். அண்ணை சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். கச்சேரிக்குப் போகப் போகிறேன் என்று சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பூவை வைத்து முடித்தார். கற்பூரம் கொளுத்தினார். அது எரிந்து முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கிறார்."

"அண்டைக்கு என்ரை வானிலை கிடந்த எண்ணெய் என்ரை மோளைச் சோதினைக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்கு வைச்சிருந்தது. அவள் பிறகு சைக்கிளிலைதான் போனவள். உமக்கு நான் அதைச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை அண்ணை."

"இப்ப சொல்லுறன்."

அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணை, அந்த மனுசனும் ஒரு வீட்டைப் பாக்கிறவர்தானே. நீங்கள் என்னோடை வாங்கோ. ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்."

"நீர் போம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கச்சேரியில் நுகர்வோர் அலுவலக அறைக்கு முன்னால் வாங்கில் இருந்தேன். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர். இரண்டு தரம் எழும்பி வாசல்வரை போனேன். இரண்டாம் தரம் சைக்கிள் பூட்டையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் வியாபாரி பஸ்தரிப்பிடத்துப் பக்கமிருந்து நடந்து வருவதைக் கண்டேன். கையில் பில்லுகள் வைத்த பொலித்தீன் பை. அவர் என்னைக் காண முதல் உள்ளே ஓடிப்போய், என் முறை வராமலே கதவைத் தட்டினேன்.

அதே பெண் அதிகாரி இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்ல மாட்டேன் என்று பயமாக இருந்தது.

"அண்டைக்கு நான் சொன்னது பொய் மிஸ். அந்தப் பட்டியளைத் தைச்சது நான்தான்."

அவர் பேனையை மூடி வைத்தார். "ஆர் தைக்கச் சொன்னது?"

"முதலாளி. ஆனால் நான் தெரியாமல் தைக்கேல்லை. பிழை எண்டு தெரிஞ்சுதான் தைச்சனான். சாமான் தந்தவர் ஒண்டும் செய்யேல்லை. அவர் கொண்டுவரேக்கை எல்லாத்திலையும் சைனா எண்டுதான் இருந்தது."

"மிச்சப் பட்டி எங்கை?"

"எரிச்சுப்போட்டன். நீங்கள் வந்த அண்டைக்கு அந்தச் சாப்பாட்டுப் பையுக்குள்ளைதான் இருந்தது. நீங்கள் கையாலை தூக்கி வைச்சனீங்கள்."

அவர் என்னை அப்படியே பார்த்தார். கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"சட்டம் பெரிய விசயம் இல்லைத் தங்கச்சி," என்றார் எழுதத் தொடங்க முதல். "சைனாவிலை செய்ததையும் விக்கலாம், வங்காளதேசத்திலை செய்ததையும் விக்கலாம். ஒருத்தரும் தடுக்கேல்லை. எங்கை செய்ததெண்டு மறைக்கக்கூடாது, மாத்தக்கூடாது. அவ்வளவுதான். அவ்வளவுக்குள்ளை எத்தினை பேரை இழுத்துப்போட்டீங்கள்."

இரண்டாவது வாக்குமூலத்தை நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். என்னை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். தன்னால் இப்போது சொல்ல முடியாது என்றார்.

அன்றிலிருந்து வழக்கு வரும்வரை இரண்டு மாதம் என் வீட்டு வாசல் படலையில் எந்தச் சைக்கிள் நின்றாலும் எழும்பிப்போய் எட்டிப் பார்த்தேன். கடைக்குத் திரும்பவும் போனேன். அண்ணை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் மேலே ஏறியபோது மெசினில் வேறு ஒரு பெண் இருந்தாள். கீழே வந்தேன். அண்ணை தானாகவே சொன்னார்.

"நீர் செய்ததிலை பிழை இல்லைப் பிள்ளை. ஆனால் உம்மைத் தலைக்கு மேலை வைச்சுக்கொண்டு என்னாலை நிம்மதியாக் கடை நடத்தேலாது."

வழக்கில் அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார். தண்டம் கட்டினார். என்னை நீதவான் எச்சரித்து விட்டார். முழுவதும் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது. வெளியே விறாந்தையில் வியாபாரி நின்றார். அவருடைய சாமான்களை விடுவித்திருந்தார்கள். நான் அவரைத் தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் கூப்பிட்டார்.

"நீங்களா தங்கச்சி தச்ச?"

"ஓம்."

"அண்டைக்கு மேல வந்து நான் ஒங்கட்டக் கேக்கக்குள்ளயும் ஒங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

அவர் விறாந்தைத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வந்து சொன்னீங்க. அது சரி. சொல்லாம ஈந்தா நான் முடிஞ்ச." பிறகு சொன்னார், "ஆனா ரெண்டு கட இன்னும் என்ட சாமான் எடுக்கல்ல. ஒரு தரம் பேர் போனா அது லேசில வராது தங்கச்சி."

மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல் அவருக்கு எந்த உதவியும் செய்யாது என்று பட்டது. தலை குனிந்து நின்றேன். அவர் போய்விட்டார்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது வீட்டுக்குள்தான். நான் ஏன் வேலைக்குப் போவதில்லை என்று அப்பா கேட்கிற நேரமெல்லாம் கடையில் வேலை குறைவு என்று சாட்டுச் சொல்லிவந்தேன்; வழக்கு முடிந்த அன்று மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார்.

"என்னைத் தூக்கிக்கொண்டு போன மனுசனைக் கோட்டிலை ஏத்திப்போட்டு வந்திருக்கிறாய்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். தேத்தண்ணியைக் குடித்தார். மருந்தை நேரத்துக்கு எடுத்தார். ஏதும் தேவையென்றால் என் கணவரிடம் சொன்னார். ஒரே கூரைக்குக் கீழே முப்பது நாற்பது நாள் அப்படிப் போனது. ஒரு நாள் தனியாக பஸ் ஏறிக் கொக்குவிலுக்குப் போய் அண்ணையைப் பார்த்துவிட்டு வந்தார் என்று கணவர் சொன்னார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நான் வீட்டு முன்னறையில் பழைய மெசின் ஒன்றைப் போட்டுத் தைக்கத் தொடங்கியிருந்தேன். அயலட்டையில் இருந்து சட்டையும் பாவாடையும் வந்தன. ஒரு காலை, அயல் வீட்டு இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அறையிலிருந்து வந்து மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். நான் நிமிரவில்லை. அவர் கையில் மடிப்புக் கலையாமல், இடுப்பில் கட்டுகிற ஒரு புதுச் சாரம்.

"உதை ஒருக்கா மூட்டித் தா," என்றார்.

"இப்பவோ அப்பா?"

"ஓம். சந்தைக்குப் போகவேணும்."

சாரத்தை வாங்கி விரித்து இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் அறைக்குத் திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு, தையல் முடியும்வரை அதிலேயே இருந்தார்.